சடங்குத் தொப்பி

நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் ஒரு தொப்பி இருக்கிறது. ஒன்பது வருடங்களாக அதைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்குத் தெரியவந்த நாளையும், தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அருங்காட்சியகம் கோபாலபுரத்தில், ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. சின்ன இடம். தனியார் அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. மாடி முழுக்கப் பழைய புகைப்படங்கள். நூறு வருடத்துக்கு முன் இங்கே உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஊர் ஊராகப் போய் மனிதர்களை அளந்து படம் எடுத்திருக்கிறார். அவர் விட்டுப்போன கண்ணாடி நெகட்டிவ்கள் மரப்பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படிவம். சாதி, தொழில், உயரம், மூக்கின் நீளம், மூக்கின் அகலம் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கும். பெயருக்கு மட்டும் கட்டம் கிடையாது. இந்தப் படங்களைத் துடைத்து, ஸ்கேன் செய்து, பட்டியல் போட்டு வைப்பது என் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது வந்தால் சுற்றிக் காட்டுவதும் நான்தான்.

அந்தக் குவியலில் ஒரே ஒரு படத்துக்குத்தான் புகழ். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், கடற்கரையில் எடுத்தது. ஒரு கட்டுமரத்துக்கு முன்னால் இரண்டு மீனவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேமராவை நேராகப் பார்க்கிறார். தலையில் பனையோலையால் முடைந்த கூம்புத் தொப்பி. பக்கத்தில் நிற்பவர் அசைந்துவிட்டதால் அவர் முகம் கலங்கியிருக்கிறது. படிவத்தின் அடியில் இப்படி எழுதியிருக்கிறது: கடலுக்குள் செல்லுமுன் சடங்குத் தொப்பி அணிந்த மீனவர், உடனிருப்பவர் கேமராவைக் கண்டு அஞ்சி நடுங்கினார்.

அந்தத் தொப்பியையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதுவும் எங்களிடம் இருக்கிறது, கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள். எங்கள் காலண்டரில் அந்தப் படம்தான். துணிப்பையில் அந்தப் படம்தான். பிள்ளைகள் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்க வாசலில் அதே வடிவத்தில் அட்டைத் தொப்பிகள் வைத்திருக்கிறோம். நான் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "கூம்போட நுனி வானத்தைக் காட்டுது, அடிப்பாகம் கடலோட வட்டத்தைக் காட்டுது" என்று ஆரம்பிப்பேன். வானமும் கடலும் எந்தப் புத்தகத்திலிருந்தோ வந்தவை. நடுவில் அலையையும் சேர்த்தது என் சொந்தக் கைவரிசை.

எங்கள் தலைவர் மானுடவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயது. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். இளம் வயதில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்தத் தொப்பிக்கு ஒரு அத்தியாயமே உண்டு. ஒரு நாள் ஏதோ கருத்தரங்கிலிருந்து திரும்பி வந்தவர் என்னை அழைத்து உட்கார வைத்தார்.

"இனிமே நாமளே லேபிள் எழுதறது கிடையாது," என்றார். "படத்துல இருக்கறவங்களோட பேரன் பேத்திங்க கிட்ட படத்தைக் கொண்டு போவோம். அவங்க சொல்றதை எழுதுவோம். உலகம் பூரா இப்ப அப்படித்தான் பண்றாங்க."

யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. படங்களோடு வேலை பார்ப்பது நான் ஒருத்திதான்.

பெசன்ட் நகரில் சாயங்காலம் பஜ்ஜிக்கும் சோளத்துக்கும் கூட்டம் கூடுமே, அந்த இடத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் குப்பம் வந்துவிடும். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டேன். அவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையாட்டி, "இதுக்கெல்லாம் பொம்பளைங்கதான் சரி" என்று மீன்கடைப் பக்கம் கையைக் காட்டினார்கள். ரோட்டோரம் தார்ப்பாய் கட்டிய நிழலில் ஏழெட்டுக் கடைகள். முதல் கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. கழுத்தில் சங்கிலி போட்டு மாட்டிய மூக்குக்கண்ணாடி. அங்கே எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

"இன்னா மேடம், வஞ்சிரமா, சங்கராவா?"

"மீன் வேண்டாங்க அக்கா. படம் காட்ட வந்திருக்கேன்."

"தோ பாருங்கடி, மீன் கடைக்கு வந்து மீன் வேணாம்ங்குது இது," என்று அவள் பக்கத்துக் கடைகளுக்கு அறிவித்தாள். பதினோரு மணிக்கு மேல் வியாபாரம் ஓய்ந்ததும் வரச் சொன்னாள்.

போனேன். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் மீன் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, சிறிய பிரதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு மிகவும் பொறுப்பாகப் பதில் சொன்னாள். நான்கு நாட்களில் என் நோட்டு பாதி நிறைந்துவிட்டது. அதில் மிகச் சிறந்த தகவல் என்று நான் நினைத்தது, ஆடி மாதத்தில் புயல் வராமல் இருக்க நண்டுக்குக் காது குத்தும் சடங்கு. பெண் நண்டுக்கு மட்டும்தான் குத்துவார்களாம். எந்தப் பக்கம் முதலில் என்று நான் கேட்டேன். வலது பக்கம் என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கே தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ஒப்பீட்டு ஆய்வுக்கு மிக முக்கியமான தகவல், விடாமல் கேளுங்கள்.

வீட்டில், மயிலாப்பூரில், ராத்திரி சாப்பிடும்போது இதைப் பெருமையாக என் கணவரிடம் சொன்னேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நண்டுக்கு ஏதுடி காது?"

நான் யோசித்தேன். அவரும் யோசித்தார்.

"நாம ஜென்மத்துல நண்டு சாப்பிட்டதில்லே. ஆனா படத்துல பாத்திருக்கேன். காது இருந்தாப்ல ஞாபகமில்லே," என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தலைவருக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். அவரிடமிருந்து "ம்" என்று மட்டும் பதில் வந்தது. பிறகு குப்பத்துக்குப் போனேன்.

"அக்கா, நண்டுக்குக் காது கிடையாது," என்றேன்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏழெட்டுக் கடைகளும் சேர்ந்து சிரித்தன. மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு நாள்ள கண்டுபுடிச்சிட்ட. பரவால்ல மேடம் நீ. இதுக்கு முன்ன காலேஜ்லேர்ந்து ஒரு கும்பல் வந்துச்சு. அவங்க பொஸ்தகமே போட்டுட்டாங்க."

"எதுக்கு அக்கா இப்படி?"

"கேள்வி கேக்க வர்றவங்களுக்குன்னு எங்க கைல தனியா பதில் கீது. ஆபீஸர் வந்தா ஒண்ணு, டிவிகாரன் வந்தா ஒண்ணு, காலேஜுக்கு ஒண்ணு. வர்றவன்லாம் எழுதிகினு பூட்றான். எழுதுனத எவன் திருப்பி எடுத்தாந்து காட்றான்?"

"எனக்கு என்ன பதில்?"

"இனிமேதான் யோசிக்கணும். நீதான் திரும்பி வந்துட்டியே."

அன்றிலிருந்து நோட்டை மூடி வைத்துவிட்டேன். பதினோரு மணிக்குப் போவேன், டீ வாங்கிக் குடிப்பேன், கேட்பேன். படங்களில் இருந்த வலைகளின் பெயர்களைச் சொன்னார்கள். ஒரு படத்தில் தெரிந்த குடிசை வரிசை இப்போது எந்த அபார்ட்மெண்ட்டின் கார் நிறுத்தும் இடம் என்று சொன்னார்கள். ஒரே ஆளை மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பாட்டன் என்று உரிமை கொண்டாடினார்கள். காதின் வடிவத்தை வைத்து அக்காதான் அந்த வழக்கைத் தீர்த்துவைத்தாள். மனிதக் காது என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன்.

தொப்பிப் படத்தை நான் அதுவரை காட்டவில்லை. கடைசியாகக் காட்டலாம் என்று, பெரிய அளவில் பிரதி எடுத்து, அட்டை ஒட்டி, துணி சுற்றி வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். துணியை விலக்கி, அவர்கள் முன்னால் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதை அப்படியே சொன்னேன். வானம், கடல், அலை.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மேடம், இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். அலைக்கு வந்தபோது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, வலை பின்னிக்கொண்டிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், பரண்மேல அப்பாவோட பறி கீதா பாரு."

அவன் போய் ஒரு பொருளோடு வந்தான். பனையோலையில் முடைந்தது, கூம்பாக இருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் நைந்திருந்தது. கட்டுமரத்தில் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, பிடித்த மீனைப் போட்டு வைக்கும் கூடை. அதற்குத்தான் பறி என்று பெயர். அவன் அக்காவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அந்தக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, படத்தில் இருந்தவரைப் போலவே நின்றான்.

"மீன் போட்ற பறி மேடம்," என்றாள் அக்கா. "தலைல கவுத்துகினு நிக்கிறான் கில்லாடி. துரை சடங்குன்னு எழுதிகினு பூட்டான்."

"பக்கத்துல இருக்கறவர் பயந்து நடுங்கினார்னு..." என்று நான் இழுத்தேன்.

"அவன் எங்க பயந்தான்? சிரிப்ப அடக்க முடியாம ஆடிகினு கீறான். வயித்த பாரு, எப்டி எக்கி வெச்சிருக்கான். கைய பாரு."

பார்த்தேன். கலங்கிய முகத்துக்குக் கீழே, ஒரு கை விலாவை அழுத்திப் பிடித்திருந்தது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஒன்பது வருடம் அந்த நெகட்டிவைப் மெல்லிய தூரிகையால் துடைத்தவள் நான். பயத்தைத் தேடிப் பார்த்ததால் பயம்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தம்பியை அப்படியே நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். முதல் இரண்டு படங்கள் ஆடிவிட்டன, இந்த முறை ஆடியது என் கை.

சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள். "இவன் பேரு இன்னா?"

"எழுதி வைக்கலை அக்கா."

"மூக்க அளந்தான்னு சொன்னியே?"

"அளந்திருக்கார். நீளம், அகலம் ரெண்டும்."

"பேரு கேக்கல."

"கேக்கலை."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டாள். "அதான் பறிய மாட்டிகினான்," என்றாள்.

உண்மையான தொப்பியைத் தாங்களே பார்க்க வேண்டும், அதுவரை உங்கள் சாரிடம் எதுவும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை நான்கு பெண்களும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஒன்றை மொத்தமாகப் பேசி வந்து கோபாலபுரத்தில் இறங்கினார்கள். தலைவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். டீ, முந்திரி பிஸ்கட், மின்விசிறி எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தொப்பியை மேஜைமேல் வைத்தேன். எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை. தலைவர் தன் பழைய ஆய்வேட்டை எடுத்துவர மாடிக்குப் போன நேரத்தில் அக்கா அதைத் திருப்பி உள்ளே பார்த்தாள். விளிம்பில் இரண்டு கயிற்று வளையங்களைக் காட்டினாள்; இடுப்புக் கயிறு கோப்பதற்கு. அடியில் ஓலை மடிப்புக்குள் விரலை விட்டு எதையோ நெம்பி எடுத்தாள். ஒரு செதில். வெள்ளைக் கையுறையின் நுனியில் கொத்தமல்லி விதை அளவுக்கு மினுங்கியது.

"துரைக்குக் கழுவிக் குட்த்துருக்கான், ஒழுங்கா கழுவல," என்று முணுமுணுத்தாள். செதிலை ஒரு சின்ன உறையில் போட்டு எண் எழுதினேன். தலைவரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தலைவர் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு அவர்களுடைய சடங்குத் தொப்பியைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினார். அவர்கள் பிஸ்கட்டைக்கூடக் கடிக்காமல் கேட்டார்கள். இந்த வளையங்கள் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். காதில் மாட்டிக்கொள்ள, காற்றில் பறக்காமல் இருக்க என்றார். காட்டுவதற்காக, மூங்கில் கீற்றில் செய்த நகல் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, காதில் மாட்டியும் காட்டினார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்தேன்.

"எடுப்பா கீது சார்," என்றாள் அக்கா. குரலில் ஒரு சிறு அசைவுகூட இல்லை. "உன் மூஞ்சிக்குன்னே செஞ்சாப்ல கீது. அப்டியே நில்லு சார், ஒரு போட்டோ எட்த்துக்கறோம்."

தலைவருக்கு உண்மையான சந்தோஷம். மக்களோடு சேர்ந்து வேலை செய்வது என்றால் இதுதானே. நான்கு பெண்களும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் அவர் தலையில் மீன்கூடையோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான்தான் எடுத்தேன், அக்காவின் போனில். அவர்கள் ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்தப் படம் குப்பத்து வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது.

வாசலில் ஆட்டோ ஏறும்போதே அக்காவிடம் சொன்னேன். "நாளைக்கு சார் கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். லேபிளை மாத்திடலாம்."

அவள் ஏறிய காலை மறுபடி கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு?"

"தப்பா இருக்கே அக்கா. நூறு வருஷமா தப்பா இருக்கு."

"தப்பு படத்துல கீறவன் பண்ணல. அவன் நல்லாதான் பண்ணிக்கிறான். எங்காளு நூறு வருஷமா ஏமாத்திகினு கீறான், ஒருத்தனுக்கும் தெரில. அத்த நீ காட்டிக்குடுக்கப் போறியா?"

"என் வேலை அது."

"படத்துக்கு இன்னா எழுதணும்னு எங்களக் கேக்கத்தான உன்ன அனுப்புனாங்க? நாங்க சொல்றத எழுது."

படத்தில் இருப்பவர்களின் விருப்பம் முதலில் என்று எங்கள் திட்ட அறிக்கையிலேயே எழுதியிருந்தது. எழுதியவள் நான். ஆனால் உண்மையை மறைத்து ஒரு லேபிள் எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் கடைக்கும் கோபாலபுரத்துக்கும் அலைந்தேன். பொய்யும் இருக்கக் கூடாது, ஆளையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றேன். அக்கா ஒரு மத்தியான நேரத்தில், மீன் சுற்றும் பேப்பரில் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: பறி அணிந்த மீனவர். அருகில் அவர் நண்பர்.

"இதுல பொய் கீதா?"

இல்லை.

"நடுங்கினார்னு போட்டது போணும். அது மட்டும் கண்டிசனா போணும்."

தலைவர் அந்தப் பேப்பரைப் படித்தார். "பறி... தொப்பிக்கு அவங்க வெச்சிருக்கற பேரா?"

"அதை அவங்க பறின்னுதான் சொல்றாங்க சார்," என்றேன்.

"இவ்வளவு வருஷம் உள்ளூர்ப் பேர் தெரியாமலே எழுதிட்டிருந்தேன் பாருங்க," என்றார். அவருடைய மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. மேஜைக்குத் திரும்பி, முழு விவரத்தையும் செதில் உறையையும் படத்தின் கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்புகளை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

புது லேபிள்களோடு கண்காட்சி திறந்த அன்று குப்பத்திலிருந்து இரண்டு வேன் நிறைய வந்தார்கள். மற்றப் படங்களின் முன்னால் மெதுவாகப் பேசிக்கொண்டு நகர்ந்தவர்கள், அந்தப் படத்தின் முன்னால் வந்து லேபிளைப் படித்ததும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண், அந்த நான்கு பேரில் ஒருத்தியின் மகள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடையாறிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி மறுபடி லேபிளைப் படித்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் புரியாமல் அடுத்த படத்துக்குப் போனார்கள்.

தலைவருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், அவருக்கு வவ்வால் மீன் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகரில் நடைக்குப் போனவர், நம் அக்கா கடையிலேயே வாங்குவோமே என்று போயிருக்கிறார். அக்கா அப்போது அங்கே இல்லை. தம்பிதான் இருந்திருக்கிறான்.

"வா பறி சார்," என்றானாம்.

அவன் சிரித்த சிரிப்பில் இவருக்கு என்னவோ தட்டுப்பட்டிருக்கிறது. கேட்டிருக்கிறார். அவனும் மறைக்கத் தெரியாதவன், பறியையே எடுத்து வந்து காட்டி, போனில் இருந்த படத்தையும் காட்டிவிட்டான்.

திங்கட்கிழமை என்னை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நீங்க அதைப் போட்டுக் காட்டினீங்களே சார், அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஆய்வேட்டின் அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "என் மனைவி அந்த அத்தியாயத்தை நாலு தடவை டைப் அடிச்சா," என்றார். செவ்வாயும் புதனும் வேலைக்கு வரவில்லை. நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன துரையை ஏமாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. இவர் உயிரோடு, நல்லவராக, எதிர் அறையில் இருந்தார்.

வியாழக்கிழமை வந்தார். கையில் பழைய படிவத்தின் நகல், நிரப்பாதது. "வாங்க, குப்பத்துக்குப் போகலாம்," என்றார்.

கடைக்குப் போய், நான் வழக்கமாக உட்காரும் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, படிவத்தை அக்காவிடம் நீட்டினார். "என்னை அளங்க," என்றார்.

அக்காவைப் பேச்சில்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான். என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை என்று தலையசைத்தேன். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"பேரு இன்னா சார்?"

கட்டம் இல்லாததால் காகிதத்தின் உச்சியில், பெரிய எழுத்தில் எழுதினாள். அப்பா பேர், ஊர், எத்தனை பிள்ளைகள், மனைவி இருக்காங்களா என்றும் கேட்டாள். மூன்று வருடம் முன்னால் போய்விட்டார் என்று அவர் சொன்னதும் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் மூக்கு. பக்கத்துக் கடைக்காரி தையல் டேப் கொண்டுவந்தாள். நீளம் போட்டாள். அகலக் கட்டத்தில் "நடுத்தரம்" என்று எழுதினாள். தொழில் என்ற இடத்தில் "கேள்வி கேட்பது". தலைவர் தலையை நீட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். முதலில் மெதுவாக ஆரம்பித்து, கடைசியில் டேப் பக்கத்துக் கடைக்காரியின் கையிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். அன்று நான் அவரைப் படம் எடுத்தேன், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டிலும் முகம் கலங்கியிருக்கிறது.

அதில் ஒரு படமும் படிவமும் இப்போது தொப்பிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. அறக்கட்டளையில் சிலருக்குப் பிடிக்கவில்லை, கடிதம்கூட வந்தது. தலைவர் அதற்குத் தன் வழக்கப்படி மெல்லிய குரலில் பதில் எழுதினார், படத்தைக் கழற்றவில்லை. பறி அணிந்த மீனவர் என்ற லேபிள் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் பறி என்றால் என்ன என்று கேட்டால், பெசன்ட் நகர் மீன்கடையில் போய்க் கேளுங்கள் என்று சொல்கிறேன். சில பிள்ளைகள் அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "தாராளமா எழுது, ஆனா என் பேரு போடாத. அவன் பேரே இல்லாம நிக்கிறான், என் பேரு இன்னாத்துக்கு?" என்றாள்.

மரப்பெட்டிகளில் இன்னும் நிறைய நெகட்டிவ்கள் இருக்கின்றன. மாதம் இரண்டு முறை அந்த நான்கு பேரும் மாடிக்கு வருகிறார்கள். போன வாரம் ஒரு பெண்ணின் படத்தை வெளிச்ச மேஜைமேல் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பெரிய மீன் ஒன்றைத் தாங்கியிருக்கிறாள். படிவத்தில், அன்றைய பிடிப்புடன் மீனவப் பெண் என்று இருக்கிறது. அக்கா குனிந்து மீனின் கண்ணையே பார்த்தாள்.

"இது செத்து ரெண்டு நாள் ஆச்சு மேடம்," என்றாள். "கண்ணு குழி வுழுந்து கீது பாரு. எவ குடுத்தா இத்த இவ மடில?"

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.